பெருக்காத மண்

இலை விழுந்த மறுநாள் என்ன ஆகிறது என்று சூறாவளிக்குத் தெரியாது. விழுந்த இலை தெரியும். விழப்போகும் இலையும் தெரியும். கிளையில் மஞ்சள் ஏறியதுமே அண்ணாந்து பார்த்து, "இன்னிக்கு வந்துடாதே, இடுப்பு சரியில்ல" என்று மரத்தோடு பேசுவாள். ஆனால் விழுந்ததை அன்றைக்கே அள்ளிவிடுவதுதான் அவள் பிழைப்பு. மறுநாள் அந்த இலை என்ன ஆகும், மறுமாதம் என்ன ஆகும் என்று பார்க்க எந்த அதிகாரி அவளை விட்டான்?

ஆஸ்பத்திரிச் சாலையில் இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள். கல்யாணமாகி வந்த வருஷம் அந்தச் சாலையில் விளக்குமாறு பிடித்தாள். கட்டை மாறியது, ஈர்க்கு மாறியது, மேஸ்திரிகள் மாறினார்கள், சாலை மாறவில்லை. அவள் போனால் முன்னால் தூசி கிளம்பும், பின்னால் தரை பளிச்சென்று கிடக்கும். அதனால்தான் கூட வேலை செய்கிறவர்கள் சூறாவளி என்று பெயர் வைத்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வரும்.

புருஷனுக்கு வெள்ளைக்காரர் என்று பெயர். வெள்ளையடிக்கிற வேலை, ஆள் அடுப்புக்கரி. ஊரில் பாதிச் சுவர்களுக்கு நிறம் கொடுத்தவர். ஒரு பள்ளிக்கூடத்து வெளிச்சுவரில் சாரம் கட்டி ஏறியிருந்தபோது கயிறு இற்றுப்போய் விழுந்தார். காண்டிராக்டர் ஓர் ஆட்டோவைப் பிடித்து அவரை அதில் படுக்கவைத்ததோடு சரி. அவர் விழுந்த இடத்தை மணல் போட்டு மூடி, வேறு ஆளை வைத்து மறுநாளே அடுத்த கை வெள்ளை அடித்துவிட்டார்கள். சுவர் அழகாகத்தான் இருந்தது என்று சூறாவளி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி பாதி திரும்பியது, பாதி திரும்பவில்லை. வீட்டில் இரண்டே அறை. முன்னறையில் கட்டில் போட்டால் வாசல் கதவு திறக்காது. அதனால் பின்னறையில், ஜன்னலை ஒட்டிப் போட்டார்கள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தவர் படுத்தவர்தான். வைத்த சோறு வைத்தபடி இருக்கும்.

"என்னய்யா பாக்குற சுவத்துல?"

"அடிச்சவன் கையைப் பாக்குறேன். ரெண்டாவது கை சரியா விழல."

அன்று முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான். அந்த அறைச் சுவரை அடித்தவரும் அவரேதான். சூறாவளி எதற்கும் பயப்படுகிற ஆளில்லை. குடித்துவிட்டு வழிமறிக்கிறவனைக் கட்டை விளக்குமாற்றால் சாத்தியிருக்கிறாள். ஆனால் வேலைவிட்டு வந்து கதவைத் திறந்ததும் தெரிகிற அந்த முதுகுக்குப் பயந்தாள். மூச்சு ஏறி இறங்குகிறதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாள்.

அந்த வருஷம்தான் இலையை எரிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குப் புகையால் மூச்சு முட்டுகிறதாம். இத்தனை காலம் பக்கத்திலேயே நின்று அந்தப் புகையைத் தின்றவளுக்கும் மூச்சு என்று ஒன்று இருப்பது எவனுக்கும் தோன்றியதில்லை; போகட்டும். குப்பை லாரிக்காரனோ இலையை ஏற்றவே மாட்டேன் என்றான். கனமில்லாத சரக்கு, இடத்தை மட்டும் அடைக்கிறதாம். அவள் மேஸ்திரியைப் பிடித்தாள்.

"எரிக்கவும் கூடாது, ஏத்தவும் மாட்டான். அப்ப நான் என்ன, மென்னு முழுங்கட்டுமா?"

"எனக்கு என்னம்மா தெரியும்? என் கண்ணுல படாம எங்கயாவது கொண்டு போய்த் தொலை."

எங்கேயாவது என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம். தோட்டம் என்று சொன்னால் தோட்டம் என்கிற சொல்லே கோபித்துக்கொள்ளும். செங்கல் துண்டுகள், இறுகிப்போன சுண்ணாம்புக் கட்டி, வெறும் பெயிண்ட் டப்பாக்கள். நடுவில் ஒரு கொய்யா மரம், காய்க்கவும் மாட்டாமல் சாகவும் மாட்டாமல் நின்றது. மண் காறை போட்ட தரை மாதிரி. ஒரு முறை குழி தோண்டப் பார்த்தபோது கடப்பாரை எகிறி அவள் கையில்தான் வலித்தது. அந்த இடத்தில் சாக்கு சாக்காக இலையைக் கொண்டுவந்து கொட்டினாள். பொழுது சாய்ந்து வருகிற வழியில் பக்கச் சந்தின் படலைத் தள்ளி, சாக்கைக் கவிழ்த்து, உதறிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குள் வந்துவிடுவாள். ஊரெல்லாம் பெருக்குகிறவள் சொந்தக் கொல்லையையும் பெருக்கணும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

கோடை ஏற ஏற இலை கொட்டியது. சாக்கு போதாமல் தள்ளுவண்டியோடு வந்தாள். முழங்கால் உயரம் ஏறியது.

ஒரு நாள் சோற்றுத் தட்டோடு பின்னறைக்குள் போனபோது முதுகைக் காணோம். முகம் இருந்தது.

"வாடி. இன்னிக்கு உன் கும்பல் வந்துச்சு," என்றார்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி கேட்டாள். "எந்தக் கும்பல்?"

"ஜன்னலுக்கு வெளிய. ஏழெட்டு பேர், தவிட்டு நிறத்துல. சும்மா சொல்லக் கூடாது, உங்க கும்பலேதான். இலைய எல்லாம் வாரி வீசி ஒரே கூச்சல். ஒருத்தி வேலை செய்வா, மிச்சம் அத்தனை பேரும் சுத்தி நின்னு அவளைத் திட்டுவாளுங்க. மேஸ்திரிய மட்டும்தான் காணோம்."

தவிட்டுக்குருவிகள். ஆஸ்பத்திரி வேலிப் புதரில் அவளும் பார்த்திருக்கிறாள், நின்று பார்த்ததில்லை. அன்று அவர் ஒரு தட்டுச் சோறு முழுக்கச் சாப்பிட்டார். மறுநாள் அவள் இரண்டு சாக்கு கூடுதலாகக் கொண்டுவந்து ஜன்னலுக்கு நேராகக் கொட்டினாள்.

அதற்குப் பிறகு வருஷம் அந்த ஜன்னல் வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தது. சாப்பிட்டுக்கொண்டே அவள் கேட்பாள்; அன்றைய சேதியை அவர் சொல்வார். ஓணான் தலையில் சிவப்பு ஏறியதை, கல்யாணத்துக்குத் தலையில் மருதாணி பூசிய மாப்பிள்ளை மாதிரி என்றார். அரணை ஒன்று தினமும் ஒரே செங்கல்லில் வெயில் காய வருகிறதாம். சோம்பேறி, உன் மேஸ்திரியைவிடச் சோம்பேறி என்றார். முதல் மழை விழுந்த அன்று ஈசல் கிளம்பியதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிப்போயிற்று.

"மண்ணுலருந்து புகை மாதிரி எழும்புச்சுடி. இலைக்கு நடுவுல ஒரு ஓட்டை, அதுலருந்து வந்துக்கிட்டே இருக்கு. இலைய எரிக்கக் கூடாதுன்னவன் பாத்திருந்தா உன்மேல கேஸ் போட்டிருப்பான். எங்கிருந்துதான் வந்ததோ தெரியல, காக்கா, மைனா, ஓணான், அணில் எல்லாம் பந்திக்கு உக்காந்துருச்சு. ஒண்ணை ஒண்ணு பாத்துக்கக்கூட இல்ல."

சூறாவளி மெல்வதை நிறுத்தினாள். முதல் மழைக்கு மறுநாள் விளக்குக் கம்பங்களின் அடியில் குவிந்துகிடக்கும் இறக்கைகளை வருஷா வருஷம் வாரியிருக்கிறாள். விளக்குமாற்றில் ஒட்டிக்கொண்டு உயிரை எடுக்கும். அது எங்கிருந்து வந்து விழுகிறது என்று யோசித்ததில்லை. "எனக்கு எப்பவும் எச்சில் இலைதான்யா கிடைக்குது. பந்தியை நீ பாக்குற," என்றாள்.

மழைக்காலம் முழுக்கத் தேரை கத்தியது. வெல்வெட்டுத் துணியில் பொட்டு வெட்டிப் போட்டது மாதிரி சிவப்பாக ஒரு பூச்சி ஊர்ந்தது. மரவட்டைகள் சரக்கு ரயில் விட்டன. காளான்கள் காலையில் குடை விரித்து, வெயில் ஏறியதும் மடக்கிக்கொண்டன. செம்போத்து ஒன்று பெரிய அதிகாரி நடப்பது மாதிரி நடந்துவந்து ஒரு தவளையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. இதெல்லாம் அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். விடிவதற்கு முன்னால் கிளம்பிவிடுவாள். மதியம் இரண்டு வாய் தின்று கண்ணயர்ந்தால், மறுபடி ஓர் அலுவலகக் கட்டடத்தில் சாயங்கால வேலை. கண்ணில் வெளிச்சம் இருக்கிற நேரமெல்லாம் அடுத்தவன் தரைக்குத்தான்.

இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. எல்லாவற்றையும் நம்பினாள். ஒன்றை மட்டும் நம்பவில்லை.

"மழை ஓஞ்சு காத்து திரும்புற அன்னிக்கு ஒருத்தர் வருவார்," என்று தொடங்குவார் வெள்ளைக்காரர். மற்ற பறவைகளை அது, இது என்பவர் அந்த ஒன்றுக்கு மட்டும் மரியாதை கொடுப்பார். "பேர் தெரியாது. விருந்தாளி. மொத வருஷம் வந்தப்ப பொத்துன்னு விழுந்தார், செத்துட்டார்னுதான் நெனச்சேன். எங்கருந்து பறந்து வந்தாரோ, அப்படி ஒரு அசதி. அப்புறம் எழுந்து இலைய ஒண்ணொண்ணா புரட்டித் தின்ன ஆரம்பிச்சார். குளிர் முடியுற வரைக்கும் இங்கதான். போன வருஷமும் வந்தார்."

"எப்படி இருப்பார் உன் விருந்தாளி?"

"முதுகு பாசிப்பச்சை. வயிறு காவி. தோள்ல நீலமா, மயில்துத்தத்தைக் கரைச்சு ஒரு இழுப்பு. வாலுக்கு அடியில நல்ல செவப்பு, கண்ணுக்குக் குறுக்க கறுப்புப் பட்டை. ஒருத்தன் வேலை முடிச்சிட்டு டப்பால மிஞ்சின எல்லாத்தையும் ஒரே குருவிமேல தொடச்சிட்டுப் போன மாதிரி. கழுத்து மட்டும் வெள்ளை. சாதா வெள்ளை இல்லடி. கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊற வச்சு, வடிகட்டி, மூணாவது கை அடிச்சு, வெயில்ல காஞ்ச வெள்ளை. என் கையால வர்ற வெள்ளை."

"உன் கையால வர்ற வெள்ளைய வச்சுக்கிட்டு ஒரு குருவி ஊர் ஊரா சுத்துதா?"

"அதான் எனக்கும் ஆச்சரியம்."

"டாக்டர்கிட்ட மாத்திரைய மாத்தச் சொல்லணும்."

"காலைல நீ போனப்புறம் ஒரு தடவை கூப்பிடுவார். சாயங்காலம் நீ வர்றதுக்குள்ள ஒரு தடவை. நீ இருக்குறப்ப வாயத் தொறக்க மாட்டேங்குறார், நான் என்ன பண்றது?"

"என்னைக் கண்டா உனக்கே வாய் அடைக்கும், குருவிக்கு அடைக்காதா?" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தவர் கண்ணுக்கு என்னென்னவோ தெரியும்தான் என்று நினைத்துக்கொள்வாள். தெரிந்துவிட்டுப் போகட்டும். முகம் இந்தப் பக்கம் இருந்தால் சரி.

இந்த வருஷ மழை ஓய்கிற சமயத்தில் பக்கத்து மாடிவீட்டுக்காரர் புகார் கொடுத்தார். அவர் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் இவர்கள் கொல்லைதான் தெரியும். கொசு வருகிறதாம், பாம்பு வருமாம், பார்க்கவே அருவருப்பாக இருக்கிறதாம். அவர் வீட்டுக் கழிவுநீர்க் குழாய் உடைந்து சந்தெல்லாம் ஓடுவது யாருக்கும் அருவருப்பாக இல்லை. அது மாடியிலிருந்து வருகிற தண்ணீர் அல்லவா.

மேஸ்திரி சாலையோரமாக வண்டியை நிறுத்தினார். "வெள்ளிக்கிழமை சுகாதார இன்ஸ்பெக்டர் உன் வீட்டுக்கு நேர்ல வர்றார்."

"என் வீட்டுக்கா? டீ போட்டு வைக்கவா?"

"விளையாடாத. வேலை நிரந்தரமாகுறவங்க பேரை அவருதான் மேல அனுப்பணும். பெருக்குறவ வீட்டுப் பின்னாடியே குப்பைமேடுன்னா அனுப்புவாரா?"

"எங்கயாவது தொலைன்னு நீதானே சொன்ன?"

"நான் எழுதிக் குடுத்தேனா?"

அவளுக்குச் சொல்லப்படுவது எதுவுமே எழுத்தில் வந்ததில்லை. அவள்மேல் சொல்லப்படுவது மட்டும் எழுத்தில் வரும்.

நிரந்தரம் என்றால் அவளுக்கு ஒன்றேயொன்றுதான். நிரந்தர வேலைக்காரர்கள் வீட்டு ஆட்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் இடுப்புக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். அவள் தினமும் வாசல் பெருக்குகிற அதே ஆஸ்பத்திரி. கம்பியைப் பிடித்து நடக்கவைக்கும் அந்த அறையைக் கண்ணாடி வழியாக எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அவரும் ஒருநாள் அந்தக் கம்பியைப் பிடிக்கணும்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னாள். சுற்றி வளைக்க அவளுக்கு வராது. "இலைய அள்ளணும்யா. இல்லன்னா பேர் போகாது."

அவர் ஜன்னலைப் பார்த்தார். "அள்ளிடு," என்றார்.

"இன்னும் உன் விருந்தாளி வரலையே."

"வந்தா வேற இடம் பாத்துக்குவார். இறக்கை இருக்குல்ல." பிறகு கட்டிலின் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்து, மெதுவாக, பாதி உடம்பை மீதி உடம்பு இழுத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பினார்.

முதுகு.

சூறாவளி தட்டைக் கழுவாமலே படுத்தாள்.

சாலை பெருக்கும் பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி பங்கு வேலை கைமீறிப்போனால் மற்றவர்கள் வந்து முடித்துக்கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். கூப்பிடவும் வேண்டாம், நன்றி சொல்லவும் வேண்டாம். மறுநாள் மதியம் வந்துவிட்டார்கள். முன்னால் பெரியக்கா, முழங்கால் வலியில் காலைப் பரப்பிக்கொண்டு. பின்னால் ரேடியோ. தூக்கத்திலும் பேசுகிறவள் அவள் என்று அவள் புருஷனே சத்தியம் செய்வான். தள்ளுவண்டி, இரும்புச் சட்டி, பல் வைத்த வாரி எல்லாம் வந்தன.

"அடியே, இது கொல்லையா, காடா? உள்ள புலி இருந்தா முன்னாடியே சொல்லிடு, எனக்கு இன்னும் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகல," என்றாள் ரேடியோ. "ஏ வெள்ளைக்காரண்ணே, நாங்க வந்திருக்கோம், எட்டிப் பாரு."

ஜன்னலில் ஒன்றும் அசையவில்லை.

"அவரை விடு. வாரு," என்றாள் சூறாவளி.

மேலே கிடந்தவை சரசரவென்று வந்தன. இந்த வருஷத்து இலை, அவர்களுக்குப் பழக்கமான இலை. ஒரு வண்டி நிரம்பியது. அதற்கடியில் இலை ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. கறுத்த பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு வந்தது. வாரியின் பல் அதைத் தூக்கியதும் அடியிலிருந்து ஒரு வாசனை எழுந்தது. குப்பையின் நாற்றத்தை இந்தப் பெண்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? மூக்கைச் சுளிக்கத் தயாராக நின்றவர்கள் சுளிக்கவில்லை. மழை பெய்யத் தொடங்கும்போது ஒரு நிமிஷம் வந்துவிட்டுப் போகுமே, அந்த வாசனை. இங்கே அது போகாமல் நின்றது.

"என்னடி இது," என்றாள் ரேடியோ. அதற்குமேல் அவள் பேசவில்லை.

பாயின் அடிப்புறத்தில் வெள்ளை நூல்கள் ஓடின. சிலந்தி நூலைவிட மெல்லிசு. இலைக்கு இலை, குச்சிக்குக் குச்சி, யாரோ உட்கார்ந்து பொறுமையாகத் தைத்தது போல. நூலுக்கு நடுவே எல்லாம் நகர்ந்துகொண்டிருந்தது. கடுகளவு பூச்சிகள் துள்ளின. மரவட்டை சுருண்டது. பூரான் ஒன்று வெளிச்சத்தைத் திட்டிக்கொண்டே ஓடியது. மண் என்று நினைத்த ஒரு கட்டி கண்ணைத் திறந்து பார்த்தது, தேரை. பெரியக்கா வலிக்கிற முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சட்டியை யாரும் தொடவில்லை.

சூறாவளி குனிந்து ஓர் இலையை எடுத்தாள். தூங்குமூஞ்சி இலை இல்லை, ஆஸ்பத்திரி வாசலில் ஒற்றையாக நிற்கும் அரச மரத்து இலை. சதை முழுக்கப் போய்விட்டிருந்தது. நரம்பு மட்டும், ஒன்று விடாமல், நூலாம்படையைச் சட்டம் போட்டு மாட்டியது மாதிரி இருந்தது. வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். அதன் வழியாக வானம் தெரிந்தது. நான் வாரியதுதான் இது, என் கையால் கொண்டுவந்து கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனதுதான் என்று நினைத்தாள். இத்தனை காலத்தில் ஓர் இலையின் முடிவை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். ஊரிலேயே அதிக இலையைத் தொட்ட கை அவளுடையது.

இலை விலகிய இடத்தில் விரலை வைத்தாள். உள்ளே போயிற்று. கையை வைத்தாள். மணிக்கட்டு வரைக்கும் போயிற்று. கடப்பாரையை எகிறவைத்த மண். குளிர்ச்சியாக, கறுப்பாக, உதிரியாக, கையைப் பிடித்துக்கொண்டது. உள்ளங்கையில் ஏதோ நெளிந்தது. கையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"அக்கா," என்றாள் மண்ணைப் பார்த்தபடியே. "நாம இவ்வளவு நாளா என்ன அள்ளிக்கிட்டு இருந்தோம்?"

பெரியக்கா ஒரு பிடி மண்ணை அள்ளி விரலால் உதிர்த்தாள். "குப்பைன்னு சொன்னாங்க. அள்ளினோம்."

"மறுபடி போட்டுடலாம். எடுத்தது எடுத்தபடி. பாயைப் பாயா."

"இன்ஸ்பெக்டர்?"

சூறாவளி கையை உருவி, முந்தானையில் துடைத்தாள். கண்ணில் பழைய வேகம் வந்திருந்தது. "மந்திரி வந்தப்ப என்ன பண்ணினோம்? சாக்கடை அடைச்சு நின்னுச்சு. அள்ள ஆளில்ல, நேரமில்ல. மேஸ்திரி என்ன சொன்னான்? ஓரமா பவுடர்ல வெள்ளைக் கோடு போடுங்கன்னான். போட்டோம். மந்திரி சாக்கடையப் பாத்தாரா, கோட்டைப் பாத்தாரா?"

"கோட்டைப் பாத்து, சபாஷ்னார்," என்றாள் ரேடியோ. அவளுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. "ஆமாடி! வெள்ளைக் கோடு இருந்தா அவனுங்களுக்குப் பொணம் கிடந்தாலும் பூங்கா. என் வண்டில ஒரு மூட்டை பிளீச்சிங் இருக்கு, சுத்தி ஒரு கட்டு கட்டிடுவோம்—"

"பிளீச்சிங்கைத் தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிடுவேன்!"

எல்லோரும் திரும்பினார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகம். வேர்த்து, மூச்சிரைத்து, மீசை துடிக்க. "அத்தனையும் செத்துடும்டி! மூளை இருக்கா உங்களுக்கு? கோடு வேணும்னா என்னைக் கேக்க மாட்டீங்களா? நான் என்ன செத்தா போயிட்டேன்? அந்தச் செங்கல்லையெல்லாம் பொறுக்கி உள்ள கொண்டாங்க. பரண்மேல டப்பால சுண்ணாம்பு மிச்சம் இருக்கும், பிரஷ் தண்ணில கிடக்கட்டும்."

சூறாவளி மூக்கை உறிஞ்சினாள். "கேட்டீங்கல்ல? மேஸ்திரி சொல்லியாச்சு. பொறுக்குங்க," என்றாள்.

அரணை வெயில் காயும் செங்கல்லை மட்டும் அவர் எடுக்க விடவில்லை. மற்றதெல்லாம் உள்ளே போயிற்று. ஒருக்களித்துப் படுத்தபடி, கட்டிலோரம் பழைய சாக்கை விரித்து, ஒவ்வொரு செங்கல்லாக அடித்தார். முதல் கை அடித்துக் காயவைத்தார், பிறகு இரண்டாவது கை. முதல் செங்கல்லில் திட்டுத் திட்டாக விழுந்தது, அடுத்ததில் சீராக விழுந்தது. "இது போதும்யா, அவன் எட்டி நின்னுதான் பாப்பான்," என்றாள் சூறாவளி. "மூணாவது கை இல்லாம வெள்ளை எப்படிடி வெள்ளையாகும்?" என்று சீறினார். விரல் சந்தெல்லாம் சுண்ணாம்பு. வியாழக்கிழமை மதியம் பெண்கள் வந்து, பாய் பாயாகத் திரும்பப் போர்த்திய இலையைச் சுற்றி அவற்றைச் சாய்த்துச் சாய்த்து நட்டார்கள், அதிகாரிகள் பங்களாக்களில் இருக்கிற மாதிரியே. பின்கதவிலிருந்து போகும் வழியை மட்டும் சூறாவளி பெருக்கினாள். பெருக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் அவளுக்கே மரியாதை வந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது காற்று திரும்பியிருந்தது. கொய்யா இலை எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தது, தோலில் லேசாகக் குளிர் ஏறியது. லீவு போட்டுவிட்டு அவள் வீட்டில் இருந்தாள். அவர் கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தார். வெயில் ஏறும்வரைக்கும் ஒரு சத்தமும் இல்லை.

"வரலையா?" என்றாள்.

"காத்து இன்னிக்குத்தானே திரும்பியிருக்கு." பிறகு, "கெளறிட்டோம்ல. வாசனை மாறியிருக்கும்," என்றார். முகம் ஜன்னல் பக்கம்தான் இருந்தது. ஆனால் ஒரு கை கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது, திரும்பப் போகிறவர் பிடிப்பதுபோல. அவள் அந்தக் கையையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் எதையெதையோ துடைத்துக்கொண்டிருந்தாள்.

காலையில் வருவதாகச் சொன்ன இன்ஸ்பெக்டர் வெயில் தாழ்ந்துதான் வந்தார். பின்னால் மேஸ்திரி. இன்ஸ்பெக்டர் கர்சீப்பை மூக்குக்குப் பக்கத்தில் தயாராக வைத்தபடி பின்கதவு வழியாகக் கொல்லையில் கால் வைத்தார். வெள்ளைச் செங்கல் வரிசையைப் பார்த்தார். கர்சீப் பைக்குள் போயிற்று.

"என்னய்யா, குப்பைமேடுன்னு எழுதியிருக்கான்? பாத்தி கட்டி வச்சிருக்காங்க?"

"அதானே சார்," என்றார் மேஸ்திரி. "நான்தான் சார் இப்படிப் பண்ணச் சொன்னேன்."

சூறாவளி அவரைப் பார்த்த பார்வையில் அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் பாத்திக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். இந்த வட்டாரத்திலேயே சுத்தம் என்றால் என்ன, சுகாதாரம் என்றால் என்ன என்று தொடங்கினார். அவள் தலையாட்டினாள். அப்போது கொய்யா மரத்துக்குள்ளிருந்து எதுவோ விழுந்தது. பழம் விழுகிற சத்தம். அந்த மரத்தில் ஏது பழம்? இன்ஸ்பெக்டரின் தோளுக்குப் பின்னால், இலைமேல், ஒரு பிடி அளவுக்கு நிறம் கிடந்தது.

அது எழுந்து நின்றது. வாலே இல்லாதது மாதிரி ஒரு குட்டை உருவம். உடம்பை ஒருமுறை சிலிர்த்தது. முதுகு பாசிப்பச்சை. வயிறு காவி. தோளில் மயில்துத்த நீலம், ஒரே இழுப்பு. ஒரு தத்துத் தத்தி, ஓர் இலையைப் புரட்டி, அடியில் பார்த்தது. வால் அசைந்தபோது சிவப்பு தெரிந்து மறைந்தது. அவர் ஒரு நிறத்தைக்கூடக் கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. குறைத்துத்தான் சொல்லியிருந்தார்.

"சரிம்மா, உன் பேரை நான் மேல அனுப்புறதுன்னா எனக்கு ஒண்ணு தெரியணும்," என்றார் இன்ஸ்பெக்டர். "நிரந்தரமானா வேற வார்டுக்கு மாத்துவாங்க. சம்மதம்தானே? என்னம்மா, எங்க பாக்குற? உன்கிட்டதான் கேக்குறேன். வாயைத் தொறந்து—"

"ஷ்ஷ்," என்றாள் சூறாவளி.

மேஸ்திரிக்கு முகம் வெளிறியது. இன்ஸ்பெக்டர் திறந்த வாயை மூடவில்லை. தன் வாழ்நாளில் விளக்குமாறு பிடித்த கை ஒன்று உதட்டில் விரல் வைத்துத் தன்னை அடக்கி அவர் பார்த்ததில்லை. அவள் விரலை எடுக்கவில்லை. அவள் கண் போன திக்கில் மெல்லத் தலையைத் திருப்பினார். திரும்பியவர் அப்படியே நின்றார்.

விருந்தாளி வெள்ளைச் செங்கல் ஒன்றின்மேல் தாவி ஏறியது. தலையை அண்ணாந்தது. இரண்டே சுரம், ஒன்று ஏறி ஒன்று இறங்கி, அத்தனை சின்ன உடம்பிலிருந்து சந்து முழுக்கக் கேட்கிற ஒரு கூப்பாடு. கூப்பிடுகையில் கழுத்து புடைத்தது.

ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து, மூச்சைவிட மெல்லியதாக, "வெள்ளைய பாரு," என்றது ஒரு குரல்.

சூறாவளி பார்த்தாள். குருவியின் கழுத்தைப் பார்த்தாள். அதன் காலுக்கடியில் இருந்த செங்கல்லைப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கி மறுபடி இரண்டையும் பார்த்தாள். எது எதைவிட வெள்ளை என்று அவளால் சொல்ல முடியவில்லை.